ஒன்றாம் ஆண்டுக்கு முதல்: சின்னப் பிள்ளைகள் கற்பதும் விளையாடுவதும் பழகுவதும், மட்டக்களப்பு அம்பாறை வீடுகளுக்கான முழு வழிகாட்டி

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரையும், சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் பெரும்பாலும் ஆட்களுக்குக் குறைவிருக்காது. மகளுக்கு வீடு கொடுத்து, கலியாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டுப் பக்கத்திலேயே குடியிருத்தும் வழக்கம் இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு. அதனால் பிள்ளை கண் திறக்கும்போதே அம்மம்மா அல்லது மூத்தம்மா, சின்னம்மா அல்லது சாச்சி, அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் சுற்றி நிற்கும். பிள்ளை வளர்ப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பல, தாயும் தகப்பனும் மட்டும் இருக்கும் மாடி வீட்டை நினைத்து எழுதப்பட்டவை. நமக்கு அவை அரைவாசிதான் பொருந்தும்.

பிறப்பிலிருந்து ஐந்து வயது வரைக்குமான விஷயங்களைப் படிகளாகத் தருகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பிள்ளை தொடங்கட்டும், பெரியவர் பதில் சொல்லட்டும். நம் வீடுகளில் அன்பு நிறைய உண்டு. குறைவது இந்த ஒழுங்குதான். பெரியவரே தொடங்கி, பெரியவரே கேட்டு, பதிலையும் தானே சொல்லிவிடுவார்.

படி 1: பத்து நிமிடம் சும்மா பாருங்கள்

எதையும் சொல்லிக்கொடுக்க முதல் பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கவனியுங்கள். எதை எட்டிப் பிடிக்கிறது, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, பயந்தால் யாருடைய முகத்தைத் தேடுகிறது என்று பாருங்கள்.

எட்டு, ஒன்பது மாதத்தில் பிள்ளை கரண்டியைக் கீழே போடும். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடும். அம்மம்மா இதைக் குழப்படி என்பார். உண்மையில் அது ஒரு பரிசோதனை. விழுந்தால் என்ன சத்தம் வரும், கண்ணுக்குத் தெரியாமல் போன கரண்டி எங்கே இருக்கும், யார் எடுத்துத் தருவார் என்று மூன்று விஷயத்தை ஒரே நேரத்தில் அது படிக்கிறது. பார்வையிலிருந்து மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்ற அறிவு இந்த வயதை ஒட்டித்தான் செயலில் தெரியும் என்று சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே எழுதினார். நீங்களும் பார்க்கலாம். பிள்ளையின் கண்முன்னே கரண்டியைத் துணியால் மூடுங்கள். ஐந்து மாதப் பிள்ளை பெரும்பாலும் வேறு பக்கம் திரும்பிவிடும். பத்து மாதப் பிள்ளை துணியை இழுக்கும்.

நம் புலவர்களும் இப்படிப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள்தான். பிள்ளைத்தமிழில் செங்கீரை என்பது ஐந்தாம் மாதத்தை ஒட்டி, பிள்ளை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். சப்பாணி ஒன்பதாம் மாதம், கை தட்டும் பருவம். வாரானை ஒரு வயதை ஒட்டித் தளர்நடையாய் வருவது. வரிசை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீட்டின்படி, தனியாக நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை பரந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது என்பது உங்கள் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

படி 2: பதில் சொல்லுங்கள், பிறகு காத்திருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன். மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

இரண்டு மாதப் பிள்ளை "ங்கா" என்கிறது. நீங்களும் "ங்கா" என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். பிள்ளை காலை உதறி மறுபடி சத்தம் போடுகிறது. இது விளையாட்டுப் போலத் தெரிந்தாலும், பேச்சின் முதல் இலக்கணம் அதுதான்: உன் முறை, என் முறை. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு பரிசோதனை செய்தார். தாய் பிள்ளையோடு வழக்கம்போல் கொஞ்சி விளையாட வேண்டும், பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். பிள்ளை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, சத்தம் போட்டது. ஒன்றுக்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பியது, அழுதது. பால் கொடுத்துக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது நம் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு வயதை ஒட்டிப் பிள்ளை விரல் நீட்டத் தொடங்கும். வேலியில் காகம் இருந்தால் அதைக் காட்டி "ஆ" என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்க்கும் பார்வைதான் முக்கியம். நான் பார்ப்பதை நீயும் பார் என்று கேட்கிறது. அப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

பிள்ளை காட்டிய பக்கம் நீங்களும் பாருங்கள். "ஓம் மகன், காகம். காகம் சோறு தின்னுது" என்று ஒரு வசனம் கூட்டிச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பேசாமல் இருங்கள். இந்த ஐந்துதான் நமக்குக் கஷ்டம். அதற்குள் பெரியம்மா ஒருவர் "காகம் எப்பிடிக் கத்தும்? சொல்லுங்க பாப்பம், கா கா எண்டு கத்தும்" என்று கேள்வியும் பதிலும் தானே முடித்துவிடுவார். பிள்ளைக்குச் சொல் தேடி எடுக்க நேரம் வேண்டும். காத்திருந்தால் அது ஒரு சத்தமோ சைகையோ தரும். அதற்கு மறுபடி பதில் சொல்லுங்கள்.

"இது என்ன கலர்? இது எத்தனை?" என்று நாள் முழுக்கப் பரீட்சை வைப்பது உரையாடல் ஆகாது. பிள்ளை தப்பியோடத்தான் பழகும்.

மொழி எது? வீட்டில் நீங்கள் சரளமாகப் பேசும் மொழி. எங்கள் பேச்சுத் தமிழிலேயே கோபம், பகிடி, பாசம், சந்தேகம் எல்லாம் சொல்லிக்கொடுக்கலாம். தாய்க்கு இருபது ஆங்கில வசனம்தான் வரும் என்றால், பிள்ளைக்குக் கிடைப்பதும் அந்த இருபதுதான். ஆங்கிலத்தைப் பிறகு படிக்கலாம். தமிழில் நன்றாகக் கதைக்கும் பிள்ளைக்கு அது சுமையாக இருக்காது.

இன்னொரு நிலைமையையும் சொல்ல வேண்டும். கிழக்கில் பல வீடுகளில் தாயோ தகப்பனோ மத்திய கிழக்கில் வேலையில் இருக்கிறார்கள். பிள்ளையை அம்மம்மா பார்க்கிறார். வீடியோ அழைப்பு வந்தால் "அம்மாக்கு முத்தம் குடு, பாட்டுப் பாடிக் காட்டு" என்று பிள்ளையை மேடையேற்றாதீர்கள். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும் இடத்தில் போனை ஒரு பேணியில் சாய்த்து வையுங்கள். அங்கிருக்கும் அம்மா பிள்ளை செய்வதைப் பார்த்துக் கதைக்கட்டும். ஒன்றரை வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்று 2016இல் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம்கூட, உறவினரோடு பேசும் வீடியோ அழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. காரணம் அங்கே பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

படி 3: கடைக்குப் போக முதல் குசினிக்குப் போங்கள்

பற்றரி போட்டால் தானாகப் பாடி ஆடும் பொம்மையோடு பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம். சிரட்டை, அகப்பை, மூடியுள்ள சட்டி, சுளகு, வெறும் பால்மாப் பேணி, ஓலைப்பெட்டி, ஒரு வாளி மணல், கொஞ்சம் தண்ணீர். இவற்றுக்கு இதுதான் வேலை என்று ஒன்று கிடையாது. சிரட்டை இன்று கரண்டி, நாளை தொப்பி, மறுநாள் தோணி.

ஒரு வயதுப் பிள்ளைக்குப் போடுவதும் எடுப்பதும், திறப்பதும் மூடுவதும்தான் வேலை. இரண்டு வயதில் ஊற்றுவது, நிரப்புவது, அடுக்கி இடிப்பது. மூன்று வயதுக்குப் பிறகு வீட்டு வேலையில் உண்மையாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். கீரை ஆய்வது, வெங்காயத் தோல் உரிப்பது, இடியப்ப மாவில் ஒரு உருண்டை பிசைவது. பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் இங்கேதான் பலப்படும். ஒரு மணித்தியாலம் "அ" வட்டத்தின்மேல் வட்டமாக எழுத வைப்பதைவிட அரைச் சுண்டு பயறில் கல் பொறுக்க வைப்பது மேல் என்பது என் கருத்து. மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் மட்டும், நீங்களும் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

ஏனென்றால் மூன்று வயதுக்குள் எல்லாம் வாய்க்குப் போகும். புளியங்கொட்டை, கச்சான், மஞ்சாடி, போத்தல் மூடி, சின்ன பற்றரி எதுவும் கையெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. றம்புட்டானைக் கொட்டையோடு கொடுக்கவே வேண்டாம். கட்டுக் குறைந்த கிணறும் நிரம்பிய வாளியும் அதைவிட ஆபத்து. தவழும் பிள்ளை வாளித் தண்ணீரிலும் மூழ்கும். வாவியோரம், கடலோரம் வீடு என்றால் "யாராவது பார்ப்பாங்க" என்று விடாதீர்கள். கூட்டுக் குடும்பத்தில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் பல நேரம் ஒருவரும் பார்ப்பதில்லை. இந்த அரை மணித்தியாலம் யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

ஒன்றிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளில் குறைந்தது மூன்று மணித்தியாலம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். வெயில் காலத்தில் காலையும் மாலையும் முற்றத்தில் விட்டால் கணக்கு வந்துவிடும். சிக்கல் மாரியில். கார்த்திகை, மார்கழியில் வளவெல்லாம் வெள்ளம் நிற்கும்போது, பாயைச் சுருட்டிப் பாலம் கட்டுங்கள், சேலையில் கூடாரம் போடுங்கள், தலையணையைத் தாண்ட விடுங்கள். வீடு கொஞ்சம் குழம்பும், பரவாயில்லை.

படி 4: மற்றப் பிள்ளைகளோடு விடுங்கள்

"ரெண்டு வயசாச்சு, இன்னும் மச்சாளோட சேந்து விளையாடுறான் இல்ல" என்பது அடிக்கடி கேட்கும் கவலை. அவன் மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்து, அவள் செய்வது போலவே மணலைக் கொட்டிக்கொண்டிருந்தால் அவன் சரியாகத்தான் இருக்கிறான். 1932இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் பாலர் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து விளையாட்டை வகை பிரித்தார். தனியே விளையாடுவது, மற்றவர்களை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் இருந்து தன்பாட்டுக்கு விளையாடுவது, சாமானும் பேச்சும் மாறிக்கொண்டு விளையாடுவது, கடைசியாக ஒரே நோக்கத்தோடு ஆளுக்கொரு வேலை எடுத்து விளையாடுவது. வயது கூடக் கூடக் கடைசி வகைகள் கூடும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையும் சில நேரம் தனியே இருந்து மண் கிண்டும். அதைப் பிடித்து இழுத்துக் கூட்டத்தில் விடத் தேவையில்லை.

சண்டை வரும். இரண்டு வயதில் "என்ட!" என்பதுதான் அதிகம் கேட்கும் சொல். எனக்கென்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கொடுப்பது என்பதற்கே அர்த்தம் வரும். எனவே பறித்து மற்றப் பிள்ளைக்குக் கொடுத்து "நல்ல பிள்ளை" என்று சொல்வதால் அது பகிரப் படிக்காது, பெரிய ஆள் பறிக்கலாம் என்றுதான் படிக்கும். இப்படிச் செய்து பாருங்கள்.

கையால் அடிக்காத வரை, கடிக்காத வரை, கொஞ்சம் பொறுங்கள். பாதிச் சண்டை தானாக முடியும். அடி விழும்போல் இருந்தால் நடுவில் குந்தி, கையை மெதுவாகப் பிடியுங்கள். யார் பிழை என்று வழக்கு விசாரிக்காமல், நடந்ததைச் சொல்லுங்கள்: "உங்களுக்கும் வாளி வேணும், அக்காக்கும் வாளி வேணும். வாளி ஒண்டுதான் இருக்கு." பிறகு கேளுங்கள், "என்ன செய்யலாம்?" மூன்றரை வயதுப் பிள்ளை வியக்கத்தக்க தீர்ப்புச் சொல்லும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும், அல்லது இன்னொரு பேணியைக் கொண்டுவர வேண்டும். பேச்சு வராத வயதில் கடிப்பது பெரும்பாலும் சொல் இல்லாத கோபம். திருப்பிக் கடித்துக் காட்டும் பழைய வைத்தியத்தால் கடிப்பது சரி என்றுதான் பதியும்.

"பொலிஸ் வருவான்", "மிட்வைஃப் மிஸ் ஊசி போடுவா" என்று பயமுறுத்துவதை விட்டுவிடுங்கள். கிளினிக் வாசலிலேயே அலறும் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பயம் வீட்டில் ஊட்டியது.

நம் வளவின் பெரிய பலம் வயது கலந்த கூட்டம். ஆறு வயது அக்காவோ ராத்தாவோ நாலு வயதுத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் விதம் பெரியவருக்கு வராது. பிள்ளை தனியே செய்ய முடியாததை, கொஞ்சம் கூடத் தெரிந்த ஒருவரின் துணையோடு செய்யும் அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி. "எவடம் எவடம், புளியடி புளியடி" விளையாட்டைப் பாருங்கள். கண்ணைப் பொத்தி, கைநிறைய மண்ணோடு சின்னவனை நடத்திக்கொண்டு போவது பெரியவள். மண்ணைக் கொட்டிய இடத்தை அவன் தேடத் திணறினால் கண்ணால் ஜாடை காட்டுவதும் அவளேதான்.

படி 5: பொய் விளையாட்டை வளர விடுங்கள்

ஒன்றரை வயதை ஒட்டி வெறும் சிரட்டையில் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கும். மூன்று வயதில் மண் சோறும் இலைக் கறியும் வரும். நாலு வயதில் கதையே வந்துவிடும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு முடிந்த அடுத்த வாரம் ஊருக்குள் நடந்து பாருங்கள். ஒருவன் பேணியில் பறை அடிப்பான், ஒருத்தி வேப்பிலையோடு உருக்கொண்டு ஆடுவாள், இன்னொருவன் பூசாரியாக வாக்குக் கேட்பான். காத்தான்குடியிலோ நிந்தவூரிலோ என்றால் பெருநாள் கடையும் பிரியாணிச் சட்டியும் வரும்.

"சாமி விளையாட்டு விளையாடக் கூடாது" என்று விரட்ட முதல், அங்கே நடப்பதைக் கவனியுங்கள். ஆளுக்கு ஆள் வேடம் பிரித்திருக்கிறார்கள். பூசாரியாக இருப்பவன் ஆட ஆசைப்பட்டாலும் அடக்கிக்கொண்டு தன் முறைக்கு நிற்கிறான். இப்படித் தன்னைத்தானே அடக்குவது ஒன்றாம் ஆண்டில் கதிரையில் இருக்கும்போது எழுத்தறிவைவிட அதிகம் உதவும்.

பெரியவர் இதில் நுழைய வேண்டுமென்றால் பிள்ளை கொடுக்கும் வேடத்தோடு நுழையுங்கள். "நீங்க வாடிக்கையாளர்" என்றால் வாங்கிவிட்டுப் போங்கள். கடையை எப்படி நடத்துவது என்று வகுப்பெடுக்காதீர்கள். ஆண் பிள்ளை சோறு கறி சமைத்து விளையாடினால் சிரிக்க வேண்டாம். நம் ஊர்க் கலியாண வீடுகளில் பெரிய கிடாரத்தில் சமைப்பது யார்?

பிள்ளை பார்த்துப் பயந்ததும் இந்த விளையாட்டில் வெளியே வரும். வெள்ளம், மரணவீடு, அப்பாவின் விபத்து. மூன்று நாள் தொடர்ந்து "அம்புலன்ஸ்" விளையாடினால் தடுக்க வேண்டாம், பக்கத்தில் இருங்கள். போர்க்காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இந்த எண்ணத்தின்மேல்தான் நின்றது. தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி, களிமண், நிறம், கதை, நாடகம் வழியாக மனதில் இருப்பதை வெளியே விட இடம் கொடுத்தார்கள்.

படி 6: நாலு வயதில் ஒரு சின்னச் சோதனை

இது வேடிக்கையானது, செலவும் இல்லை. பிள்ளையும் அப்பாவும் பார்க்க ஒரு கொய்யாப்பழத்தைச் சுளகுக்குக் கீழே வையுங்கள். அப்பா வெளியே போகட்டும். பிள்ளை பார்க்க, பழத்தைப் பெட்டிக்குள் மாற்றுங்கள். இப்போது கேளுங்கள்: "அப்பா வந்து பழத்தை முதல்ல எங்க தேடுவார்?" மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் "பெட்டிக்க" என்று சொல்லும். தனக்குத் தெரிந்தது அப்பாவுக்கும் தெரியும் என்பது அதன் நினைப்பு. நாலு, நாலரை வயதில் "சுளகுக்குக் கீழ" என்று பதில் மாறும். 1983இல் விமர், பெர்னர் என்ற இருவர் சொக்லேட்டை வைத்துச் செய்த புகழ்பெற்ற ஆய்வின் நம்மூர்ப் பதிப்பு இது.

மற்றவர் மனதில் இருப்பது என் மனதில் இருப்பதல்ல என்று புரிந்த பிறகுதான் ஒளித்துப் பிடிப்பது உண்மையான விளையாட்டாகும். அதுவரை தன் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒளித்துவிட்டதாக நினைக்கும். சமாளிக்கும் பொய்களும் இந்த வயதில் திறமையாக வரும். முதல் பொய்க்காக அடிக்க முதல், மூளை வளர்ந்திருக்கிறது என்று கொஞ்சம் சந்தோஷப்படலாம்.

படி 7: பாலர் பாடசாலை தெரிவு செய்தல்

ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையைத்தான் ஒன்றாம் ஆண்டுக்கு எடுப்பார்கள். அதற்கு முதல் பாலர் பாடசாலை கட்டாயமில்லை, ஆனால் நல்லதொன்று பக்கத்தில் இருந்தால் மூன்று, மூன்றரை வயதில் அனுப்புங்கள்.

ஒரு காலைப் பொழுது போய் வாசலில் நின்று பாருங்கள். சீருடையும் கலை விழாப் படங்களும் எதையும் சொல்லாது. ஆசிரியை பிள்ளையின் உயரத்துக்குக் குந்திப் பேசுகிறாரா? விளையாட்டுச் சாமான் பிள்ளைகள் எடுக்கும் உயரத்தில் இருக்கிறதா, அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறதா? சத்தம் இருக்கிறதா? அமைதியாகக் கை கட்டி இருக்கும் மூன்று வயது வகுப்பைப் பார்த்தால் நான் வேறிடம் தேடுவேன். மலசலகூடமும் குடிதண்ணீரும் கட்டாயம் பாருங்கள். மூன்றரை வயதுக்கு இரண்டு கொப்பி வீட்டு வேலை தருகிறார்கள் என்றால் காரணம் பெரும்பாலும் பெற்றோர்தான். "காசு கட்டுறம், எழுதப் பழக்குங்க" என்று நாம் கேட்காவிட்டால் அவர்களும் கொடுக்கமாட்டார்கள்.

முதல் வாரம் பிள்ளை அழும். அது பார்க்காத நேரம் மெல்லக் கழன்று போவது வேண்டாம், அடுத்த நாள் உங்கள் சட்டையை விடாது. "பாட்டு முடிஞ்சு, தேத்தண்ணி குடிச்சாப்பிறகு அம்மா வருவன்" என்று சொல்லிப் போய், சொன்ன நேரத்துக்கு வாருங்கள்.

படி 8: போன்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டு வயது வரையும் தவிர்ப்பது நல்லது, இரண்டிலிருந்து நாலு வரை ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடைமுறையில் ஒரே ஒரு விதியைப் பிடித்தாலும் போதும்: சாப்பாட்டு நேரத்தில் போன் இல்லை. போனைக் காட்டி ஊட்டினால் வேகமாக இறங்கும், உண்மை. ஆனால் பசி, ருசி, போதும் என்ற உணர்வு ஒன்றும் பிள்ளைக்குத் தெரியாமல் போகும், ஒரு நாளின் நல்ல பேச்சு நேரமும் போய்விடும்.

படி 9: எப்போது காட்ட வேண்டும்

பன்னிரண்டு மாதமாகியும் சத்தம் பேச்சுப் போல வரவில்லை, விரல் நீட்டுவதோ கையசைப்பதோ இல்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" போல இரண்டு சொல் சேரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை. எந்த வயதிலும், வந்த பேச்சோ பழக்கமோ திரும்பிப் போய்விட்டது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். "இவன்ட அப்பாவும் நாலு வயசுலதான் கதைச்சவர்" என்று வீட்டில் ஒருவர் சொல்லத்தான் செய்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் காது கேட்கிறதா என்றாவது பார்த்துவிட வேண்டும்.

முதல் போக வேண்டிய இடம் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் என்று சொல்பவர். ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்குப் போகும் நாள் இதைக் கேட்க நல்ல நாள். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு அட்டை போட்ட கிளினிக் புத்தகத்தில் நிறைக் கோடு மட்டுமல்ல, எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியும் இருக்கிறது. போக முதல் அதை நிரப்புங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவார், அங்கிருந்து தேவைப்பட்டால் வைத்தியசாலையின் குழந்தை நல நிபுணரிடம் போகலாம். வைத்தியர் அறையில் பிள்ளை பயந்து ஒடுங்கிவிடும். வீட்டில் அது விளையாடும்போது, கூப்பிட்டும் திரும்பாதபோது, கதைக்க முயலும்போது எடுத்த இரண்டு மூன்று சின்ன வீடியோக்களைப் போனில் வைத்துக்கொண்டு போங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.